காவிரிப் படுகைப் பண்ணையாள் வாழ்வும் தமிழ்த் திரைப்பட நகைச்சுவையும்

காவிரிப் படுகையின் நெல் வயல்களில் உழைத்த பண்ணையாள், குத்தகை உழவர், வேலைக்காரர், கூத்துக் கலைஞர் ஆகியோரின் வாழ்க்கை தமிழ்த் திரைப்பட நகைச்சுவையில் எவ்வாறு இடம்பெற்றது என்பதும், அந்நகைச்சுவைக்கும் இப்பகுதியில் நிகழ்ந்த சமூக மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. காவிரிப் படுகை என்று இங்கு குறிக்கப்படுவது பழைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டமாகும். இம்மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் 1991 இலும், திருவாரூர் 1997 இலும் பிரிக்கப்பட்டன. நாகப்பட்டினத்திலிருந்து 2020 இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது.

பிரித்தானியாவில் பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், எஃகு ஆலை ஆகியவற்றின் தொழிலாளரை மையமாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் தனி வகையாக வளர்ந்தன. தமிழில் அப்படியொரு தனி வகை உருவாகவில்லை. இங்கு உழைப்பாளரின் நகைச்சுவை பெரும்பாலும் படத்தின் துணைக்கதையாகவோ, படத்திற்குள் வரும் ஒரு கதாகாலட்சேபமாகவோ, வேலைக்காரன் ஒருவனின் பேச்சாகவோதான் அமைந்தது. அவற்றுள் காவிரிப் படுகையோடு மிக நெருங்கிய உறவுடையது கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபம் ஆகும்.

பின்னணி: பண்ணையாள் முறை

தஞ்சாவூர்ப் பகுதியில் நிலம் பெரும்பாலும் மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் ஆகியோரிடம் இருந்தது. நிலத்தில் உழைத்தோர் இரு வகையினர். ஒரு வகையினர் விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்ட குத்தகை உழவர்கள். மற்றொரு வகையினர் பண்ணையாட்கள். பண்ணையாட்களுள் பெரும்பாலோர் பள்ளர், பறையர் சாதிகளைச் சேர்ந்தவர்கள். திருமணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் தலைமுறை தலைமுறையாகத் தீராமல் நின்றதால் ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தனர். கூலி நெல்லாக, மரக்காலால் அளந்து கொடுக்கப்பட்டது. கூலி அளக்கும் மரக்கால் சிறியது என்பது உழைப்பாளரின் நீண்டகால முறையீடுகளுள் ஒன்றாகும். சவுக்கால் அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் தண்டனைகளாக நடைமுறையில் இருந்தன.

1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் பாசனம் ஓரளவு உறுதிப்பட்டது. ஆனால் பண்ணையாள் முறை மாறவில்லை. 1940களில் பி. சீனிவாசராவ் முதலிய கம்யூனிஸ்டு இயக்கத்தினர் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் விவசாயிகள் சங்கங்களை அமைத்தனர். சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்துவது சங்கங்களின் முதற் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. 1944 இல் மன்னார்குடியிலும், 1948 இல் மாயூரத்திலும் கூலி பற்றிய உடன்பாடுகள் ஏற்பட்டன. 1952 இல் இராஜாஜி அமைச்சரவை தஞ்சாவூர்ச் சாகுபடியாளர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது அதே ஆண்டில் முறையான சட்டமும் ஆயிற்று. குத்தகை உழவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கும், ஐந்தாண்டு உரிமையும் இதனால் கிடைத்தன. தக்க காரணமின்றிப் பண்ணையாளை நீக்குவதும் கட்டுப்படுத்தப்பட்டது.

கீழே குறிப்பிடப்படும் படங்களில் பல இந்த ஆண்டுகளுக்குள்ளேயே வெளிவந்தவை. அவற்றைப் பார்க்கும்போது இக்காலவரிசையை நினைவிற்கொள்வது பயனுள்ளது.

திரைக்கு முந்தைய நகைச்சுவை மரபு

உழைப்பாளர் நகைச்சுவை தமிழுக்குத் திரைப்படத்தோடு வந்ததன்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் செழித்த பள்ளு இலக்கியம் முழுக்க முழுக்க வயல் வேலையைக் களமாகக் கொண்டது. பள்ளன், அவனுடைய இரு மனைவியர், பண்ணைக்காரன் ஆகிய நால்வரே இதன் மையப் பாத்திரங்கள். இளைய மனைவியிடம் மயங்கிப் பள்ளன் பண்ணை வேலையை மறக்கிறான். மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டுகிறான். பின்பு மூத்தவளே மனமிரங்கி அவனை விடுவிக்கக் கெஞ்சுகிறாள். பண்ணைக்காரனின் உருவமும் நடையும் கேலி செய்யப்படுவது எல்லாப் பள்ளுகளிலும் காணப்படும் மரபாகும். புகழ்பெற்ற முக்கூடற்பள்ளு தாமிரபரணிக் கரையைச் சேர்ந்ததாயினும், திருவாரூர் இறைவன் மீதும் பள்ளு பாடப்பட்டுள்ளது. பண்ணைக்காரனைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் தொழுமரம் இருக்க வேண்டியது பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை. பள்ளு நூல்களின் எல்லை இதுவேயாகும்.

மேலட்டூர் பாகவத மேளாவில் நாடகம் தொடங்குமுன் கோணங்கி ஆடி வருவான். தெருக்கூத்தில் கட்டியங்காரன், இசை நாடகத்தில் பபூன் ஆகியோர் அரசனையும் கடவுளையும் அவையோர் முன்னிலையில் கிண்டல் செய்யும் உரிமை பெற்றவர்கள். நடவுப் பாட்டுகளில் பெண்கள் மேற்பார்வையாளரை மறைமுகமாகக் கேலி செய்வதும் வழக்கம். ஆரம்பகாலத் தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர்கள் பெரும்பாலும் இம்மரபின் வழிவந்த நாடகக் குழுக்களிலிருந்தே வந்தனர்.

நந்தன் கதை

காவிரிப் படுகைப் பண்ணையாளைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கதை நந்தனாருடையது. கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனாரின் வரலாறு பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணமாக இடம்பெற்றுள்ளது. அதில் பண்ணை முதலாளி எவரும் இல்லை. நந்தனார் சிதம்பரம் செல்லாமல் நாளை நாளை என்று தள்ளிப்போடுவது தம் பிறப்பை எண்ணித் தயங்கியதாலேயே என்று சேக்கிழார் கூறுகிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியபோது கதையில் ஒரு பெரும் மாற்றத்தைச் செய்தார். நந்தனார் ஒரு வேதியரின் பண்ணையாள் ஆனார். சிதம்பரம் போக விடை கேட்கும்போது, நாற்பது வேலி நிலத்தின் சாகுபடியை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர் ஆகையால் இது 260 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமாகும். ஒரே இரவில் இறையருளால் பயிர் விளைந்து நிற்கிறது. புராணத்தில் இல்லாத இவ்வேதியர் பாரதியாரைச் சுற்றியிருந்த தஞ்சாவூர் மிராசுதாரின் சாயல் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வழங்கத் தொடக்கத்தில் தயங்கினார் என்ற செய்தி நன்கு அறியப்பட்டதாகும்.

இக்கீர்த்தனைகளைக் காலட்சேபமாக ஊரூராகப் பரப்பியவர்களுள் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் முதன்மையானவர். மராத்தியக் கீர்த்தன முறையைத் தழுவித் தமிழில் கதாகாலட்சேபத்திற்கு இன்றுள்ள வடிவத்தை அளித்தவர் இவரே எனக் கருதப்படுகிறது. சப்ளாக்கட்டை, மிருதங்கம், பின்பாட்டு, இடையிடையே கிளைக்கதை என்னும் இவ்வடிவம் தஞ்சாவூரிலேயே பண்பட்டது.

திரைப்படத்தில் நந்தன் கதை பலமுறை எடுக்கப்பட்டது. 1935 இல் வெளியான பக்த நந்தனாரில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். ஒரு பெண் ஆண் வேடத்தில் நடித்ததும், அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதும் அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. 1942 இல் ஜெமினி நிறுவனம் எடுத்த நந்தனாரில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். இப்படத்தைத் தயாரித்த எஸ். எஸ். வாசன் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர்; தேசிகர் திருச்செங்காட்டங்குடியைச் சேர்ந்தவர். படம் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் வாசனின் பிறந்த ஊரைச் சுற்றியே பண்ணையாட்களின் சங்கம் பரவியது. திரையில் நாற்பது வேலியையும் பூதகணங்கள் அறுவடை செய்தன. வெளியே அதே வேலையைச் செய்தவர்கள் கூலி கேட்கத் தொடங்கியிருந்தனர்.

சபாபதி: வேலைக்காரனின் கீழ்ப்படிதல்

1941 டிசம்பரில் வெளியான சபாபதி தமிழின் முதல் வெற்றிகரமான முழுநீள நகைச்சுவைப் படங்களுள் ஒன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி, ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கினர். முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. முதலாளியாக டி. ஆர். ராமச்சந்திரனும், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். ரத்தினம் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து நாடகக் குழுக்களில் வளர்ந்தவர். கோவலன் நாடகத்தில் காளி வேடம் புனைந்ததால் அப்பெயர் முன்னொட்டாக நிலைத்தது. அவருக்கு இணையாக நடித்தவர் சி. டி. ராஜகாந்தம்.

வேலைக்காரச் சபாபதியின் நகைச்சுவை முழுவதும் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வதில் உள்ளது. சொன்னதை அவன் அப்படியே செய்கிறான். அதனாலேயே எல்லாம் கெடுகிறது. இது வெறும் மடமையா, அல்லது எதிர்த்துப் பேச முடியாதவனின் பழைய தந்திரமா என்று பிரித்தறிய ரத்தினத்தின் நடிப்பு இடம் தருவதில்லை. முதலாளியும் வேலைக்காரனுக்குச் சற்றும் குறையாத மந்தன் என்பதே படத்தின் கூர்மையான பகுதி. ஒரே பெயரும் ஒரே அறிவும் உடைய இருவருள் ஒருவன் நாற்காலியில் அமர்கிறான், மற்றவன் கைகட்டி நிற்கிறான். ஆனால் படம் இதை ஒரு கேள்வியாக வளர்க்கவில்லை. அக்கால மேடை நகைச்சுவையின் போக்கிலேயே திருமணத்தில் முடிகிறது.

நல்லதம்பியும் கிந்தனாரும்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 இல் வறிய குடும்பமொன்றில் பிறந்த என். எஸ். கிருஷ்ணன், வில்லுப்பாட்டிலும் பாய்ஸ் நாடகக் குழுவிலும் பயின்று திரைக்கு வந்தவர். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே தனியாக அமைத்து, மனைவி டி. ஏ. மதுரத்துடன் நடிப்பது அவர் வழக்கம். 1944 நவம்பரில் நிகழ்ந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகித் தண்டிக்கப்பட்டு 1947 இல் விடுதலையானார். அவர் சிறையில் இருந்த காலத்தில் கே. ஆர். ராமசாமி அவர் பெயரால் கிருஷ்ணன் நாடக சபையை நடத்தினார். இச்சபை தஞ்சாவூரில் முகாமிட்டிருந்தபோதே அண்ணாதுரை அதற்காக வேலைக்காரி நாடகத்தை எழுதினார். திராவிட இயக்க நாடகத்தின் ஒரு முக்கியக் கட்டம் இவ்வாறு தஞ்சாவூர்க் கொட்டகைகளில் தொடங்கியது.

விடுதலைக்குப் பின் கிருஷ்ணன் எடுத்த நல்லதம்பி 1949 பெப்ரவரியில் வெளிவந்தது. அண்ணாதுரை கதை வசனம் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். பிராங்க் காப்ரா 1936 இல் இயக்கிய அமெரிக்கப் படமான மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன் இதற்கு மூலமாகும். சி. ஆர். சுப்பராமன் இசையமைத்தார். உடுமலை நாராயணகவி பாடல்களை எழுதினார். எதிர்பாராது ஜமீன் சொத்துக்கு உரிமையாளனாகும் ஓர் எளிய மனிதன் அச்சொத்தைப் பொது நன்மைக்குச் செலவிடத் துணிவதே கதை. மதுவிலக்கும் சமத்துவமும் இப்படத்தில் வலியுறுத்தப்பட்டன. கதையைவிட இன்று நினைவில் நிற்பது படத்திற்குள் வரும் கிந்தனார் காலட்சேபமே.

கிந்தனார் என்ற பெயரே நந்தனாரின் எதிரொலி. கிருஷ்ணன் பாகவதர் வேடத்தில், பக்கவாத்தியமும் பின்பாட்டும் சூழ நின்று கதை சொல்கிறார். கிந்தன் தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த சிறுவன். நந்தனுக்குச் சிதம்பரத்தின் மேல் இருந்த வேட்கை கிந்தனுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் இருக்கிறது. ஊரில் படிக்க வழியில்லை. எனவே ஊரைவிட்டு ஓடி, இரயிலேறிச் சென்னை சென்று படிக்கிறான். பின்னர்க் கல்வித் துறை அதிகாரியாகித் தன்னை ஒதுக்கிய ஊருக்கே பள்ளியைப் பார்வையிட வருகிறான். அன்று அவனை விரட்டியவர்கள் இன்று மாலையுடன் காத்திருக்கின்றனர்.

நந்தன் கதையின் ஒவ்வொரு படியும் இதில் திருப்பிப் போடப்பட்டுள்ளது. சிதம்பரத்திற்குப் பதில் சென்னை. தில்லையின் தீக்குளியலுக்குப் பதில் தேர்வு. இறைவனோடு கலப்பதற்குப் பதில் அரசு வேலை. நந்தன் திரும்பி வரவில்லை, கிந்தன் வருகிறான். இவை அனைத்தும் பக்தர்கள் கேட்டுப் பழகிய அதே மெட்டுமுறையிலும் பேச்சு நயத்திலும் சொல்லப்படுவதே நகைச்சுவை. காலட்சேபத்தின் வடிவத்தை நன்கறிந்தவருக்கே இதன் முழுச் சுவை புலப்படும். அந்த வகையில் இது தஞ்சாவூர் அவையோருக்கென்றே அமைந்தது போன்றது. கிருஷ்ணன் பாகவதரைக் கேலி செய்கிறாரே அன்றி நந்தனாரைக் கேலி செய்யவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

காலட்சேபத்தின் நடுவே வரும் இரயில் பாட்டு பெரும்புகழ் பெற்றது. வண்டியின் ஓசையைத் தாளமாகக் கொண்ட இப்பாடலில், செல்வரையும் ஏழையையும், வேதியரையும் தீண்டப்படாதார் எனப்பட்டோரையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் வாகனமாக இரயில் போற்றப்படுகிறது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்று குறிப்பிட்டுள்ளார். கிந்தனாரின் இரயிலுக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கொட்டகைக்கும் இக்கருத்து ஒருங்கே பொருந்தும். இருப்பினும் கொட்டகையில் நாற்காலி, பெஞ்சு, தரை என்ற பிரிவு இருந்ததையும், டூரிங் டாக்கீசுகளின் மணல் தரையில் அமர்ந்தவர்கள் யார் என்பதையும் மறந்துவிட இயலாது.

கிந்தனார் வெளிவந்த காலத்தில் 1947 ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கோயில் வாயில் சட்டத்தளவில் திறந்துவிட்டதால், அடுத்த வாயில் எது என்ற கேள்விக்குக் கிருஷ்ணன் அளித்த விடை பள்ளிக்கூடம் என்பதாகும். ஆனால் பாரதியாரின் நந்தன் கதையில் மையமாக இருந்த ஒன்று கிந்தனாரில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அதுவே நாற்பது வேலி. கிந்தன் ஊரைவிட்டுப் போன பின் அவன் பெற்றோரின் கூலி என்ன ஆயிற்று என்பது கதையில் இல்லை. 1948 க்குப் பின் கம்யூனிஸ்டு இயக்கத்தின் மீது கடும் அடக்குமுறை நிலவிய ஆண்டுகளில், கூலிப் போராட்டத்தைத் திரையில் பேசுவது தணிக்கையைக் கடந்திருக்குமா என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. களப்பால் குப்பு 1948 இல் சிறையிலேயே இறந்தார். வாட்டாக்குடி இரணியன் 1950 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில்தான் நல்லதம்பி படுகையின் கொட்டகைகளில் மக்களைச் சிரிக்க வைத்தது.

எம். ஆர். ராதாவும் இரத்தக்கண்ணீரும்

கிருஷ்ணனின் நகைச்சுவை இணக்கமானது, எம். ஆர். ராதாவினுடையது குத்துவது. 1954 இல் வெளியான இரத்தக்கண்ணீர், அதே பெயரில் அவர் நெடுங்காலம் மேடையேற்றிய நாடகத்தின் திரைவடிவம் ஆகும். நாடகத்தை எழுதியவர் பகுத்தறிவு இயக்கப் பேச்சாளரான திருவாரூர் கே. தங்கராசு. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய செல்வன் மோகனசுந்தரம், தாய், மனைவி, ஊர், மதம் அனைத்தையும் எள்ளி நகையாடுகிறான். பின்பு தொழுநோயால் அனைத்தையும் இழந்து தெருவில் பிச்சையெடுக்கிறான். முற்பகுதியில் அவன் பேச்சுக்குச் சிரித்தவர்கள் பிற்பகுதியில் அதே குரலில் அவன் சமூகத்தை வைவதற்கும் சிரிக்கின்றனர். அன்றன்றைய செய்திகளைச் சேர்த்து வசனத்தை மாற்றுவது மேடையில் ராதாவின் வழக்கம். இதனால் எழுதிக் கொடுத்த படியை வைத்து நாடகத்தை மதிப்பிட அதிகாரிகளால் இயலவில்லை. 1954 இல் சென்னை மாநிலத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அது ராதாவை மனதிற்கொண்டே கொண்டுவரப்பட்டதாகப் பரவலாகக் கருதப்பட்டது. தொழுநோயைப் பாவத்தின் தண்டனையாகக் காட்டியது இன்றைய பார்வையில் இப்படத்தின் பெருங்குறையாகும்.

தில்லானா மோகனாம்பாளும் 1968 ஆம் ஆண்டும்

கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையைத் தழுவி ஏ. பி. நாகராஜன் இயக்கிய தில்லானா மோகனாம்பாள் 1968 சூலையில் வெளிவந்தது. நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், நாயகி திருவாரூர் மோகனாம்பாள். நாதசுவரக் கலைஞரும் நாட்டியக்காரியும் கோயிலையும் மிராசுதாரையும் நம்பி வாழும் உழைப்பாளர்களே என்பதை இப்படம் மறைக்கவில்லை.

நாகேஷ் நடித்த சவடால் வைத்தி, பெரிய மனிதர்களுக்கும் கலைஞர்களுக்கும் இடையில் தரகு பேசிப் பிழைப்பவன். பழைய பள்ளுகளின் பண்ணைக்காரனைப் போல இவனும் அதிகாரத்தின் இடைநிலை ஆள். நிலம் அவனுடையதன்று, ஆணையும் அவனுடையதன்று. ஆனால் கீழே உள்ளவர்கள் காண்பது அவன் முகத்தைத்தான். சிரிப்பும் வெறுப்பும் அவன்மேல் விழ, அவனை ஏவியவர் பின்னால் நிற்கிறார். இதற்கு மாறாக, நாடகக் குழு நடத்தும் ஜில் ஜில் ரமாமணியாக நடித்த மனோரமா, உழைத்துப் பிழைக்கும் பெண்ணொருத்தியின் பேச்சையும் தன்மானத்தையும் நகைச்சுவை குன்றாமல் வெளிப்படுத்தினார். மன்னார்குடியில் 1937 இல் பிறந்த மனோரமா இளமையிலேயே ஊரைவிட்டுச் சென்று பள்ளத்தூரில் வளர்ந்து நாடக மேடைக்கு வந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து 2015 இல் காலமானார். வேலைக்காரி, கூடைக்காரி, மீன்காரி என அவர் ஏற்ற சிறு வேடங்களின் பட்டியல், தமிழ்நாட்டு உழைக்கும் பெண்களின் தொழிற்பட்டியல் போன்றது.

அதே ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, சிக்கலும் திருவாரூரும் அமைந்த அதே கீழைத் தஞ்சாவூரில், கீழ்வெண்மணி ஊரில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தோர் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கூலி நெல்லைச் சற்று உயர்த்தக் கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும் பகைக்குக் காரணங்கள். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். 1969 இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.

இதற்குப் பின் படுகையின் பண்ணையாள் வாழ்வைத் தொட்ட குறிப்பிடத்தக்க படங்கள் நகைச்சுவையை விட்டு விலகின. இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கிய கண் சிவந்தால் மண் சிவக்கும் 1983 இலும், வாட்டாக்குடி இரணியனைப் பற்றிய படம் 1999 இலும் வெளிவந்தன.

பிரித்தானியப் படங்களுடன் ஒப்பீடு

பிரித்தானியாவில் 1930களில் லங்காசயர் பஞ்சாலைப் பகுதியிலிருந்து கிரேசி பீல்ட்ஸ், ஜார்ஜ் பார்ம்பி ஆகியோர் பெரும் நட்சத்திரங்களாயினர். ராச்டேல் நகரில் பிறந்த பீல்ட்ஸ் நடித்த சிங் ஆஸ் வி கோ என்ற 1934 ஆம் ஆண்டுப் படத்தில், ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்த பெண் கடற்கரை நகரில் கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கிறாள். இறுதியில் ஆலை மீண்டும் திறக்க, தொழிலாளர் பாடிக்கொண்டே உள்ளே செல்கின்றனர். ஆலை திறப்பது அவர்கள் போராட்டத்தாலன்று. புதிய இழை ஒன்றின் வரவால். நாற்பது வேலி ஒரே இரவில் விளைந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

போருக்குப் பின் வந்த படங்கள் கடுமையானவை. தி மேன் இன் தி வைட் சூட் என்ற 1951 ஆம் ஆண்டுப் படத்தில் அழுக்கேறாத, தேயாத துணியைக் கண்டுபிடித்தவனை முதலாளிகளும் தொழிலாளிகளும் சேர்ந்தே துரத்துகின்றனர். 1959 இல் வெளியான ஐ'ம் ஆல் ரைட் ஜாக் தொழிற்சங்கத் தலைவரையும் நிருவாகத்தையும் ஒருசேரக் கேலி செய்தது. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று, சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் மூடப்பட்ட பின்னர், பிராஸ்ட் ஆப் 1996 இலும் தி புல் மான்டி 1997 இலும் வெளிவந்தன. வேலையிழந்த ஆண்களின் வெட்கமே இவற்றின் நகைச்சுவைக்குப் பொருளாயிற்று.

தொழிற்சங்கத்தையே களமாகக் கொண்ட நகைச்சுவை அங்கு இயல்பாக எழுந்ததற்குக் காரணம், தொழிலாளர் பெரும் எண்ணிக்கையில் நகர்ப்புறத்தில் திரண்டு, திரையரங்கின் முதன்மையான வாடிக்கையாளராகவும் இருந்தமையாகும். காவிரிப் படுகையில் பண்ணையாளின் கையில் காசாகக் கூலி வந்ததே பிற்காலத்தில்தான். நெல்லாகக் கூலி பெற்றவர் அதை விற்றுத்தான் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

பிற்காலப் போக்கு

1980களிலும் 1990களிலும் கவுண்டமணி, செந்தில் இணையின் நகைச்சுவை தமிழ்நாடு முழுவதும் கோலோச்சியது. இருவரும் பெரும்பாலும் உழைக்கும் வகுப்பினராகவே தோன்றினர். ஆனால் அடி விழுவது மேலிருந்து கீழாக, ஓர் எளியவனிடமிருந்து அவனிலும் எளியவனுக்கு. கவுண்டமணியின் பேச்சில் பெரிய மனிதரை எள்ளும் துணிவு இருந்ததும் உண்மையே.

படுகையின் வயல்களை மீண்டும் நகைச்சுவைக்குக் கொண்டுவந்த படம் 2010 இல் ஏ. சற்குணம் இயக்கிய களவாணி. தஞ்சாவூர் மாவட்டச் சிற்றூர்களில் நிகழும் இக்கதையில் விமல், ஓவியா, சரண்யா, கஞ்சா கருப்பு ஆகியோர் நடித்தனர். வேலையற்றுத் திரியும் நாயகனின் தந்தை வளைகுடா நாட்டில் உழைத்துப் பணம் அனுப்புகிறார். வெளிநாட்டுப் பணம் படுகையின் சிற்றூர்களை மாற்றியதை இத்தனை இயல்பாகக் காட்டிய படங்கள் அரிது. ஊர்ப்பகை, நாற்று நடவு, மகன் மீது தாய்க்கு இருக்கும் சோதிட நம்பிக்கை எல்லாம் கதையில் சிரிப்பாக வருகின்றன. நிலமுடைய குடும்பங்களின் பார்வையிலிருந்தே கதை சொல்லப்படுவதால் நடவு நடுவோர் பின்னணியில் நின்றுவிடுகின்றனர்.

அடுத்த ஆண்டு இதே இயக்குநர் எடுத்த வாகை சூட வா, 1966 இல் செங்கல் சூளையில் வேலை செய்யும் சிறுவர்களுக்குக் கற்பிக்க வரும் இளைஞனின் கதை. முதலில் அரசு வேலைக்கான தகுதியாக மட்டுமே அப்பணியை எண்ணும் அவனைச் சிறுவர்கள் படாதபாடு படுத்துவது படத்தின் முற்பகுதி நகைச்சுவை. முதலாளியின் கணக்கில் தாங்கள் ஏமாற்றப்படுவதைச் சூளைக் குடும்பங்கள் உணரும் இடத்திலிருந்து படத்தின் போக்கு மாறுகிறது. கிந்தன் படிப்பதற்காக ஊரைவிட்டு ஓடினான். இங்கு படிப்பு சூளைக்கே வந்து கூலிக் கணக்கைச் சரிபார்க்கிறது. இப்படம் சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.